கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால்

ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர், காரைக்குடியில் கண்டாங்கி விற்பவர், கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கி நடத்துபவர் என்று பலரும் இன்று வெளியூர் ஆர்டரை மெயிலில்தான் பேசி முடிக்கிறார்கள். திருடனும் அங்கேதான் காத்திருக்கிறான்.

பெங்களூரில் வீடு கட்டுபவர் ஒருவர் ஆத்தங்குடிக் கல் கேட்டிருக்கிறார் என்று வையுங்கள். கண்ணாடிமேல் நிறக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்க நாளாகும். அதற்குள் டிசைன், சதுர அடி, பாக்கித் தொகை என்று மெயில் போய் வந்துகொண்டே இருக்கும். உங்கள் பாஸ்வேர்டு எவனிடமாவது சிக்கியிருந்தால், அத்தனையையும் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பான். பாக்கி கேட்கும் நேரம் பார்த்து, உங்கள் பில்லையே எடுத்து, கணக்கு எண்ணை மட்டும் மாற்றி, “ஆடிட் நடக்கிறது, இந்தக் கணக்கில் போடுங்கள்” என்று அனுப்பிவிடுவான். அவர் பணம் கட்டிவிட்டேன் என்பார், உங்களுக்கு வந்திருக்காது.

இதில் பெரிய தவறு, சந்தேகம் வந்த பிறகும் அதே மெயிலுக்குப் பதில் போட்டுக் கேட்பது. பதில் எழுதப்போவது அவன்தான். அந்த மெயிலில் இருக்கும் போன் நம்பரும் வேண்டாம். முன்பே உங்களிடம் இருக்கும் நம்பரில் கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். கணக்கு எண் மாற்றம் எதுவானாலும் இதுதான் வழி, விதிவிலக்கே வேண்டாம்.

பெயர் பொருந்தாவிட்டால் வங்கி நிறுத்திவிடும் என்று நம்புவதும் தவறு. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பணம் கணக்கு எண்ணை வைத்தே போய்ச் சேர்கிறது. அனுப்பும் முன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. அதைப் பார்க்காமல் பட்டனை அழுத்தாதீர்கள்.

நம் பக்கத்தில் முதலாளி சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார், கணக்கை இங்கே ஒருவர் பார்ப்பார். “அவசரம், மீட்டிங்கில் இருக்கிறேன், கூப்பிட வேண்டாம்” என்று முதலாளி பெயரில் மெயில் வந்தால் கணக்குப் பார்ப்பவருக்குக் கை நடுங்கும். முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற நினைப்பை முதலாளிகளே போக்க வேண்டும். செல்போனில் மெயில் அனுப்பியவரின் பெயர் மட்டும்தான் தெரியும், அதைத் தொட்டால்தான் முகவரி வரும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ‘r’-உம் ‘n’-உம் ஒட்டி நின்றால் ‘m’ மாதிரியே இருக்கும், எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

சொந்த டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) வைத்திருப்பவர்கள் அதைக் காவலில்லாமல் விடுகிறார்கள். கவரின் பின்பக்கம் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம் அல்லவா, மெயிலும் அப்படித்தான். எந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்பதை டொமைனில் போடும் எஸ்.பி.எஃப். (SPF) என்ற பதிவு சொல்லும். டி.கே.ஐ.எம். (DKIM) என்பது மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து. இரண்டில் ஒன்றுகூட உங்கள் டொமைனோடு பொருந்தாவிட்டால் அந்த மெயிலை என்ன செய்வது என்பதை டிமார்க் (DMARC) சொல்லும். பலர் டிமார்க்கை ‘நன்’ (none) நிலையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது வேடிக்கை பார்க்கும், தடுக்காது. பில்லிங் சாஃப்ட்வேர் உட்பட உங்களுக்காக மெயில் அனுப்பும் எல்லாவற்றையும் சேர்த்த பிறகு, ‘குவாரன்டைன்’ (ஸ்பாமில் ஒதுக்குவது), அப்புறம் ‘ரிஜெக்ட்’ (ஏற்காமல் மறுப்பது) என்று ஏற்றுங்கள். ஓரெழுத்து மாற்றி வாங்கிய டொமைனை டிமார்க்கால் தடுக்க முடியாது, அதற்கு உங்கள் கண்தான்.

ஒரே பாஸ்வேர்டை கடையில் நாலு பேர் வைத்திருப்பதும் வேண்டாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். நீங்கள் போடாத ஃபார்வர்டு முகவரியோ ஃபில்டரோ செட்டிங்ஸில் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அங்கேயே இருக்கும்.

பணம் போய்விட்டால், ஊருக்குள் தெரிந்தால் மானம் போகும் என்று மூடி மறைக்காதீர்கள். உடனே வங்கியையும் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐயும் கூப்பிடுங்கள். திருடன் அந்தப் பணத்தை எடுப்பதற்குள் அது போன கணக்கை முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மெயிலை அழிக்காதீர்கள்.