செட்டிநாட்டு வீட்டில் திருமணம்: தாயகம் வருவோர் முன்கூட்டியே அறிய வேண்டியவை

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை ஆகிய ஊர்களின் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் ஒன்றில் திருமணம் நடத்த விரும்பி வெளிநாட்டிலிருந்து திட்டமிடுவோர், வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீடு யாருடையது என்று விசாரிக்க வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்று, அதாவது வட்டித் தொழிலும் வணிகமும் செய்து, ஈட்டிய பொருளில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை எழுந்த இவ்வீடுகளில் பெரும்பாலானவை, கட்டியவரின் பேரன், கொள்ளுப்பேரன் வழியினர் அனைவருக்கும் பொதுவானவை. அவர்களோ சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் எனச் சிதறி வாழ்கிறார்கள். ஒரு பங்காளி தொலைபேசியில் சம்மதித்துவிட்டார் என்பதை நம்பி அழைப்பிதழ் அச்சிட வேண்டாம். எல்லாப் பங்காளிகளின் இசைவும் எழுத்தில் இருப்பதே நல்லது. பராமரிப்பாளரிடம் தனியாகப் பேசி, எந்த அறைகள் திறக்கப்படும், எவை பூட்டியே இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இவ்வளவு பேச்சுவார்த்தைக்கு நேரமில்லாதவர்களுக்கு, கானாடுகாத்தானில் உள்ள விசாலம், கடியாப்பட்டியில் உள்ள சிதம்பர விலாஸ் போன்று விடுதியாக்கப்பட்ட பழைய வீடுகள் ஏற்றவை. அங்கே பேசவேண்டியது ஒரே நிர்வாகத்திடம்தான்.

நாள் குறிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஐரோப்பாவின் கோடை விடுமுறையில் பெரும்பகுதியை ஆடி விழுங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையை மார்கழி பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தங்கள் உண்டு என்றாலும் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். வளவில், அதாவது நடுவில் வானம் திறந்த உள்முற்றத்தில், மணமக்களை அமர்த்த எண்ணுவோருக்கு அது சூதாட்டம். விடுப்பை எப்படியேனும் நகர்த்தித் தை மாதத்துக்கு வருவதே என் பரிந்துரை. திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் காரைக்குடி ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம்.

வீட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி ஏற்பாடு முடிந்தது. தெருவாசலில் முகப்புத் திண்ணை, அதைக் கடந்தால் செதுக்கு வேலைப்பாடுள்ள நிலைக்கதவு, உள்ளே வளவு, அதன்பின் இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள் இவை. ஆண்கள் திண்ணையில் வரவேற்க, சடங்கு வளவில் நடக்க, பந்தி பின்கட்டில் ஓட, சமையல் புகை யாரையும் அண்டாமல் போகும்படி இந்த வரிசை அமைந்திருக்கிறது. இதற்குமேல் தனி மேடையும் பந்தலும் போட்டு வளவை மறைப்பது வீண் செலவு. நகரத்தார் குடும்பமாயின் கழுத்துரு என்னும் பொன் தாலியைப் பூட்டும் திருப்பூட்டுச் சடங்கு வேளையில் உறவுப் பெண்கள் மணமக்களை நெருங்கிச் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களை விலகச் சொல்லும் துணிச்சல் எந்த ஒளிப்படக்காரருக்கும் வேண்டாம். மாடி உள்ள வீடாயின் மேல்தாழ்வாரத்தில் ஒருவரை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள்.

ஒளிதான் இவ்வீடுகளில் படமெடுப்போருக்குச் சோதனை. வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை முகூர்த்தத்தில் வளவு முழுவதும் மென்மையான வெளிச்சம் பரவியிருக்கும். வெயில் உள்ளே இறங்கிய பிறகோ முற்றம் கண்ணைக் கூசச் செய்ய, தூண்களுக்குப் பின்னுள்ள தாழ்வாரம் இருண்டுவிடும், பாதி முகம் வெளுத்துப் பாதி முகம் கறுத்த படங்களே மிஞ்சும். வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும் ஃபிளாஷ் வெளிச்சத்துக்குப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். பர்மாத் தேக்குக் கூரை வெளிச்சத்தை விழுங்கி, திருப்பித் தரும் சிறிதளவையும் பழுப்பாக்கித் தரும். ஆகவே ஒளிப்படக்காரரை முந்தைய நாள், முகூர்த்தம் குறித்த அதே மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். விளக்குகளுக்கு ஜெனரேட்டர் தனியாக வையுங்கள். பழைய கம்பிகளை நம்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து டிரோன் கொண்டுவர வேண்டாம். 2022 பிப்ரவரி முதல் இந்தியாவில் டிரோன் இறக்குமதிக்குத் தடை இருப்பதால், உரிய பதிவுள்ள உள்ளூர்க்காரரை அமர்த்துவதே வழி.

சுவரையும் தரையையும் பற்றி அலங்காரக்காரரிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் ஒட்டுநாடாவைப் பிடுங்கினால் மெருகும் கூடவே பெயர்ந்து வரும். தூணில் ஆணி அடிக்கக் கூடாது, தோரணத்தைக் கயிற்றால் கட்டலாம். கண்ணாடிப் பலகையின் மேல் கையால் வார்த்து உருவாக்கும் ஆத்தங்குடித் தரை ஓடுகள் அமிலத்தைத் தாங்கா. கழுவ வருவோரிடம் ஆசிட் பாட்டில் இருந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் நடக்கும் திருமணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவுத் திருமணம் செய்வதாயின், மணமக்களில் ஒருவரேனும் பதிவு செய்யும் மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருந்து அறிவிப்புக் கொடுத்து, மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், மூன்று வார விடுப்பில் வருவோருக்கு அது ஒத்துவராது.

பங்காளிகள் அனைவரும் முகப்புத் திண்ணையில் நிற்கும் படத்தைப் பந்திக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பந்தி முடிந்தபின் பாதிப் பேர் விமானத்தைப் பிடிக்கத் திருச்சிக்குப் புறப்பட்டிருப்பார்கள்.