க, ச, ட, த, ப: எங்கே எப்படி ஒலிப்பது?

எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் வாய்விட்டுப் படித்தால் தடுமாறுகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் வல்லினத்தில்தான். கட்டம், கண்டம், கடம் மூன்றிலும் அதே ட, ஒலியோ மூன்று விதம். பக்கத்தில் என்ன எழுத்து நிற்கிறது என்று பார்க்கப் பழகினால் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

முதலில் தொண்டையில் இரண்டு விரலை லேசாக வைத்துக்கொண்டு பக்கம், பங்கம் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். க்க வரும் இடத்தில் அதிர்வு சட்டென்று அறுந்து மறுபடி தொடங்கும், ங்க வரும்போது அறுபடாமல் ஓடும். நாக்கு இரண்டிலும் ஒரே இடத்தில்தான் படுகிறது, குரல் நாண்கள் அதிர்கின்றனவா என்பதுதான் வேறுபாடு. கிசுகிசுத்தால் இது பிடிபடாது, குரலெடுத்தே சொல்லுங்கள்.

இது கைக்கு எட்டிவிட்டால் மற்றது எளிது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிர்வு கிடையாது: கடல், தலை, அக்கா, தப்பு. இன மெல்லெழுத்துக்கு அடுத்து வந்தால் அதிரும்: தங்கம், வண்டி, பந்து, கம்பு. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே மாட்டினால் இளகிவிடும். அகம் என்பதில் க கிட்டத்தட்ட ஹ மாதிரி, கதை என்பதில் நாக்கு பல்லை அழுத்தாமல் உரசும், படம் என்பதில் மேலண்ணத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கும்.

ச கொஞ்சம் தனி. பச்சை, கட்சி இரண்டிலும் வன்மையாக வரும், மஞ்சள் என்பதில் ஜ போல, பசி என்பதில் ஸ போல. சொல்லின் முதலில் வரும் ச ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும், அதைத் தவறென்று திருத்தப் போகாதீர்கள்.

அப்புறம், வடமொழியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்த சொற்கள். பயம், தானம், பஸ் எல்லாம் முதலெழுத்திலேயே அதிரும், எழுத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பல் என்பதிலும் பயம் என்பதிலும் அதே ப தானே! இவற்றை நன்றாகப் படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு, புத்தகத்தில் அந்த எழுத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், பழகியதும் அழித்துவிடலாம்.