ஆரம்ப பல் சொத்தை குணமாகுதான்னு எக்ஸ்ரேல பாக்குறவங்க பண்ற தப்புகள்

ரெண்டு பல்லுக்கு நடுவுல லேசா சொத்தை ஆரம்பிச்சிருக்கு, இப்ப அடைக்க வேணாம், ஃப்ளோரைடு போட்டு கொஞ்ச நாள் பாப்போம்னு டாக்டர் சொன்னதும் பலபேர் நெனைக்கிறது என்னன்னா அடுத்த எக்ஸ்ரேல அந்த கருப்பு நிழல் காணாம போயிருக்கும்னு. பெரும்பாலும் போகாது. எச்சில்ல இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்ப ஏறுறது அதிகமா எனாமலோட மேல் அடுக்குலதான், உள்ள இழந்தது முழுசா நிரம்பாது, ஆனா மேல கெட்டியாகி சொத்தை அங்கயே நின்னுடும். அதனால போன தடவ மாதிரியே இருக்குன்னு சொன்னா மூஞ்சிய தொங்கப் போடாதீங்க, நமக்கு வேண்டியதே அதுதான்.

பெரிய தப்பு எதுன்னா ஒரே மாதிரி எடுக்காத ரெண்டு படத்த பக்கத்துல வச்சு ஒப்பிடுறது. எக்ஸ்ரே மெஷினோட ட்யூப் கோணம் கொஞ்சம் திரும்புனாலே பக்கத்து பல்லு மேல ஏறி நிழல மறைச்சிடும், உடனே ஆஹா ஆறிடுச்சுன்னு தோணும், இல்லன்னா அதே சொத்தை பெருசா தெரிஞ்சு பயமுறுத்தும். அதுக்குத்தான் வாய்க்குள்ள வைக்கிற சென்சார (படம் பதியுற தகடு) பிடிச்சு வைக்க ஹோல்டர் இருக்கு, விரலால அழுத்திக்கங்கன்னு சொன்னா ஹோல்டர் இல்லயான்னு தாராளமா கேக்கலாம். கிளினிக் மாத்துனா பழைய எக்ஸ்ரேவ ஒரிஜினல் ஃபைலாவே வாங்கிட்டு போங்க, மானிட்டர போன்ல ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறது இந்த வேலைக்கு ஆகாது. டிஜிட்டல்ல இன்னொரு வம்பு, பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் இஷ்டத்துக்கு இழுத்தா இல்லாத சொத்தை முளைக்கும், இருக்குறது மறையும்.

முழு தாடையும் தெரியுற ஓபிஜி ஒண்ணு எடுத்தாச்சே போதாதான்னு கேட்டா, போதாது, பல்லுக்கு நடுவுல இருக்குற சின்ன சொத்தைக்கு பைட்விங்தான் (பல்ல கடிச்சு வச்சு எடுக்குற சின்ன எக்ஸ்ரே) சரி.

மாசா மாசம் எடுத்துப் பாக்குறதும் வீண், மாற்றம் தெரியவே நாளாகும். சொத்தை வர்ற ரிஸ்க் அதிகமா இருந்தா 6 மாசத்துல இருந்து 1 வருஷம், ரிஸ்க் கம்மியான பெரியவங்களுக்கு 2, 3 வருஷம் கூட விடலாம், இத டாக்டர்தான் முடிவு பண்ணணும். அதேசமயம் கதிர்வீச்சுக்கு பயந்து எடுக்காமலே விடுறதும் தப்புதான், ஒரு பைட்விங்ல வர்றது நாம ஒரு நாள்ல இயற்கையா வாங்குற அளவுக்குள்ளதான் இருக்கும்.

கடைசியா, படத்த மட்டுமே நம்பாதீங்க. பல்லுல அந்த எடத்துல இருக்குற தாதுல சுமார் 30, 40 சதவீதம் போனப்புறம்தான் நிழலே தெரிய ஆரம்பிக்கும், அதனால நெஜ ஆழம் படத்துல தெரியுறத விட கூடத்தான் இருக்கும். ஈறு ஓரத்துல வர்ற சில நிழல் சொத்தையே இல்ல, பல்லோட வடிவத்தால வர்றது. மேல ஓட்டை விழுந்துடுச்சா இல்லையாங்கறதயும் எக்ஸ்ரே உறுதியா சொல்லாது, சந்தேகம்னா நடுவுல சின்ன ரப்பர் ஒண்ணு வச்சு ரெண்டு மூணு நாள்ல பல்ல லேசா விலக்கி டாக்டர் நேராவே பாத்துடுவாரு.