நெஞ்சு வலியும் ஸ்பாஸம் டெஸ்ட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களுக்கு வரும் இளம் டாக்டர்கள், இதய ரத்தக்குழாய் இறுக்கத்தை, அதாவது ஸ்பாஸத்தை, சந்தேகிப்பதில் கெட்டிக்காரர்கள்தான். விடிகாலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்பும் முன், படுத்திருக்கும்போதே வலிக்கிறது என்றால் கவனிக்கிறார்கள். சறுக்குவது அதற்கு அப்புறம், அதை உறுதிசெய்யும் ஸ்பாஸம் டெஸ்ட்டில்.

மருந்தோடு அனுப்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். இந்த டெஸ்ட்டில் இதயக் குழாய்க்குள் அசெட்டைல்கோலின் செலுத்தி, இறுக்கத்தை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். குழாயைத் தளர்த்தும் மருந்து உடம்பில் இருந்தால் இறுக்கம் எப்படி வரும்?

செம்பனை வெட்டும் ஒருவர் டெஸ்ட்டுக்கு நகரத்துக்குப் போனார். அன்று காலையும் அம்லோடிபின் (குழாயைத் தளர்த்தும் கால்சியம் பிளாக்கர் மாத்திரை) போட்டிருந்தார். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ரிசல்ட் நெகட்டிவ். "வெறும் வாயு" என்று இருந்த மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். சில வாரத்தில் லயத்து வாசலில் மயங்கி விழுந்தார். வலியின்போது எடுத்த இசிஜியில் எஸ்டி என்ற பகுதி மேலே ஏறியிருந்தது: குழாய் இறுகியதன் அடையாளம்.

கால்சியம் பிளாக்கர்களையும் நீண்ட நேரம் வேலை செய்யும் நைட்ரேட்டையும் குறைந்தது 48 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். அம்லோடிபினுக்கு அதுவும் போதாது: ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்பதைக் கடிதத்தில் தேதி, மணியோடு எழுதுங்கள். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்யும்போது அங்குள்ள குழாய் இறுகாமல் இருக்க வெராபமில் அல்லது நைட்ரோகிளிசரின் கொடுப்பது வழக்கம். அதுவும் ரிசல்ட்டைக் கெடுக்கும். ஸ்பாஸம் டெஸ்ட் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதற்காக "வீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று தனியே விடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் இறுக்கம் மூர்க்கமாகத் திரும்பலாம். வார்டில் சேர்த்து, மானிட்டர் போட்டு நிறுத்துவதே நல்லது. வலி வந்தால் நாக்குக்கு அடியில் ஜிடிஎன் (நைட்ரோகிளிசரின்) வைக்கலாம். வைத்த நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சுருங்கியதை மட்டும் பார்ப்பது

அசெட்டைல்கோலினுக்கு எந்தக் குழாயும் கொஞ்சம் சுருங்கலாம். 90 சதவீதத்துக்கு மேல் அடைப்பு, அவருக்கு வழக்கமாக வரும் அதே வலி, இசிஜி மாற்றம் மூன்றும் சேர்ந்தால்தான் பாசிட்டிவ். குழாய் அவ்வளவு இறுகாமல் வலியும் இசிஜி மாற்றமும் வந்தால் நுண்குழாய் இறுக்கமாக இருக்கலாம். அதை நெகட்டிவ் என்று எழுதாதீர்கள்.

புரொப்ரனலால்

இந்த பீட்டா பிளாக்கர் இறுக்கத்தைக் கூட்டலாம். கொடுக்காதீர்கள்.

வார்டிலேயே எர்கோனோவின் ஊசி

எர்கோனோவினும் இறுக்கத்தை வரவழைக்கும் மருந்துதான். வார்டில் கூடவே கூடாது. இறுக்கம் விடாவிட்டால் குழாய்க்குள் நேராக நைட்ரோகிளிசரின் செலுத்த ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில்தான் முடியும்.