டிரான்ஸ்கிரிப்ஷனிலிருந்து எம்.ஆர்.டி.க்கு: மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் மாடியறையில் உட்கார்ந்து அமெரிக்க டாக்டர்களின் டிக்டேஷனைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்யும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர். பேச்சைக் கணினியே எழுத்தாக்கத் தொடங்கிய பிறகு எடிட்டிங் மட்டும்தான் மிஞ்சியது. வரிக்கணக்கில் கிடைத்த பணமும் குறைந்தது. இவர்களுக்கு உள்ளூரிலேயே எட்டுகிற வேலை ஒன்று உண்டு என்றால் அது மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவு, அதாவது எம்.ஆர்.டி.

நோய்ப் பெயர்கள், மருந்துப் பெயர்கள், அறுவை சிகிச்சைச் சொற்கள் எல்லாம் தெரியும், தட்டச்சு வேகமும் இருக்கிறது, பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நம்பித்தான் பலர் உள்ளே போகிறார்கள். சொல்லறிவு உண்மையிலேயே பெரிய பலம். சிக்கல் பழக்கங்களில்தான் வருகிறது. அங்கே பாராட்டு வாங்கித் தந்த சில பழக்கங்கள் இங்கே வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

ஆவணத்தை அழகுபடுத்துவது

டாக்டர் தப்பும் தவறுமாகப் பேசினாலும் அறிக்கை சுத்தமாக வரவேண்டும் என்பது டிரான்ஸ்கிரிப்ஷனின் விதி. வாக்கியத்தைச் சரிசெய்வீர்கள், விட்டுப்போன தலைப்பைச் சேர்ப்பீர்கள். எம்.ஆர்.டி.க்கு வரும் கேஸ் ஷீட்டோ, அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவோ, நுகர்வோர் ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் சாட்சியாக நிற்கிற தாள். அதில் ஓர் எழுத்தைக்கூட நீங்கள் தொடக்கூடாது. அறுவை சிகிச்சைக் குறிப்பில் நேரம் விட்டுப்போயிருக்கிறது, மயக்க மருந்துத் தாளில் பார்த்து நேரத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் கையெழுத்து வேறு என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காட்டிவிட்டால், அந்த ஃபைலில் டாக்டர் சரியாக எழுதிய நூறு வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

திருத்தம் வேண்டுமென்றால் எழுதியவரே செய்யவேண்டும். பழைய எழுத்து படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான சொல், கையெழுத்து, தேதி, நேரம். ஒயிட்னர் கூடாது, தாளைக் கிழித்துப் புதிதாக எழுதுவதும் கூடாது. மறந்துபோனதைப் பிறகு எழுதினால், எழுதுகிற அன்றைய தேதியையே போட்டு, தாமதமாக எழுதப்படும் குறிப்பு என்று மேலே குறிக்கவேண்டும். குறையைக் கண்டுபிடித்து, என்ன விட்டுப்போயிருக்கிறது என்று டிஃபிஷியன்சி ஸ்லிப் எழுதி, ஃபைலை உரியவரிடம் திருப்பியனுப்பி, கேட்டுக் கேட்டு வாங்குவதுதான் உங்கள் பங்கு.

டிஸ்சார்ஜ் ஆன 24 மணி நேரத்துக்குள் வார்டிலிருந்து ஃபைல் வந்துவிட வேண்டும். வந்ததும் முதலில் ஒவ்வொரு தாளிலும் நோயாளியின் பெயரும் எண்ணும் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் லேப் ரிப்போர்ட் உள்ளே ஒளிந்திருப்பது அடிக்கடி நடக்கும். பிறகு ஒப்புதல் படிவத்தில் நோயாளி, டாக்டர், சாட்சி கையெழுத்துகள். ஆப்பரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துத் தாள், ரத்தம் ஏற்றிய பதிவு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உடலுக்குள் இம்ப்ளான்ட் பொருத்திய அறுவை சிகிச்சை என்றால் அதன் பெட்டியில் வரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். அது இல்லாமல் கிளெய்ம் கேள்வியோடு திரும்பிவரும். பெட்டி குப்பைக்குப் போன பிறகு ஸ்டிக்கரை எங்கே தேடுவது?

காலியிடம் விடும் பழக்கத்தைக் கைவிடுவது

காதில் விழாத சொல்லுக்கு ஊகித்து எழுதாமல் காலியிடம் விட்டு, தரம் பார்க்கும் க்யூ.ஏ.வுக்குக் குறிப்புப் போடுவீர்களே, அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். நீங்கள் கொண்டுவரும் சொத்துகளிலேயே அதுதான் பெரியது. உள்ளூர் மருத்துவமனையில் அவசரம் அதிகம். "போன வாரம் ஹெர்னியாவுக்குப் போட்டோமே, அந்தச் சம்மரியையே எடுத்துப் பேரை மாத்திடும்மா" என்று டாக்டரே சொல்வார். போன வார நோயாளிக்கு வலது பக்கம், இவருக்கு இடது பக்கம். தலைப்பில் மாற்றிவிட்டு, உள்ளே 'செய்த சிகிச்சை' பத்தியில் வலது என்றே விட்டுவிடுவார்கள். அவருக்கு எழுதிய சர்க்கரை மாத்திரையும் இவருக்கு வந்துசேரும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் திறக்காதீர்கள். எதுவும் நிரப்பாத வார்ப்புரு ஒன்றை ஒவ்வொரு சிகிச்சைக்கும் டாக்டரிடம் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கம், மருந்து, அளவு, தேதி நான்கும் அதில் காலியாக இருக்கட்டும்.

அமெரிக்கக் கை

இது விரல் தானாகச் செய்கிற தவறு. 04/07 என்று தட்டினால் உங்கள் பழக்கத்துக்கு ஏப்ரல் 7, இங்கே ஜூலை 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மருந்துச் சீட்டில் 'ஓ.டி.' என்று பார்த்ததும் வலது கண் என்றோ மருந்து அளவு மிஞ்சியது என்றோ தோன்றும். நம் டாக்டர்களுக்கு அது தினம் ஒரு வேளை. கண் மருத்துவமனையில் அதே எழுத்து மறுபடி வலது கண்ணாகிவிடும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. தினம் இரு வேளைக்கான பி.ஐ.டி. இங்கே பி.டி., மூன்று வேளைக்கான டி.ஐ.டி. இங்கே டி.டி.எஸ். அசிட்டமினோஃபென் பாராசிட்டமால் ஆகும், எபிநெஃப்ரின் அட்ரினலின் ஆகும், ஆல்பியூட்டரால் சால்பியூட்டமால் ஆகும். 'அனீமியா' போன்ற சொற்களின் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடும். மென்பொருளில் ஆளுக்கொரு விதமாக ஏற்றினால் தேடும்போது பாதிக் கேஸ்கள் கண்ணில் படாது.

நோய்களுக்குக் குறியீடு போடும் கோடிங்கிலும் இதே கதைதான். நீங்கள் கேள்விப்பட்டது ஐ.சி.டி.-10-சி.எம்., அது அமெரிக்கப் பதிப்பு. இங்கே பெரும்பாலும் பயன்படுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10. அமெரிக்கப் பதிப்பில் குறியீடு ஏழு இலக்கம் வரை நீளும்; இதில் பொதுவாக நான்கோடு நிற்கும். சர்க்கரை நோயில் வந்த கால் புண்ணுக்கு அங்கே ஈ11.621, இங்கே ஈ11.5. பாம்புக்கடிக்கு டி63.0 (T63.0) போட்டுவிட்டு நிறுத்திவிடக் கூடாது; வெளிக்காரணக் குறியீடாக எக்ஸ்20 சேரும், வயலில் கடித்திருந்தால் எக்ஸ்20.7. எந்த இடத்தில் என்பதைக் கேஷுவல்டி குறிப்பில் டாக்டர் எழுதியிருந்தால்தான் அந்தக் கடைசி இலக்கத்தைப் போடமுடியும். பூச்சிமருந்து கேஸ்களில் தவறுதலாகக் குடித்ததா, வேண்டுமென்றே குடித்ததா என்பதைக் குறியீடே பிரித்துச் சொல்லிவிடும். சொந்தக்காரர்கள் வராந்தாவில் பேசிக்கொள்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். டாக்டர் எழுதியது தெளிவில்லை என்றால் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

இதையொட்டி ஒரு பணவிரயத்தையும் சொல்லவேண்டும். எம்.ஆர்.டி. வேலைக்கென்று நினைத்து சி.பி.சி. சான்றிதழுக்குக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். அது அமெரிக்கப் பில்லிங் கோடிங்குக்கானது. அங்கே உயிராக இருக்கும் சி.பி.டி. என்ற சிகிச்சைக் குறியீடுகளுக்கு நம் மருத்துவமனை எம்.ஆர்.டி.யில் வேலையே கிடையாது. மருத்துவ ஆவண அறிவியலில் பட்டயமோ பட்டமோ படிப்பதுதான் இங்கே எடுபடும்.

பெயரை நம்புவது

செட்டிநாட்டு மருத்துவமனைகளில் ஃபைல்கள் கலந்துபோவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்றே சொல்லலாம். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் நகரத்தார் வீடுகளில் உறுதியாக இருக்கிறது. விளைவைப் பாருங்கள். தாத்தா அரு. சிதம்பரம். அவர் மகனுக்கு அவருடைய அப்பா பெயர், அதனால் சித. அருணாசலம். பேரன் மறுபடி அரு. சிதம்பரம். இனிஷியல் உட்பட எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர், ஒரே வீட்டு விலாசம். அருணாசலத்தின் தம்பி மகனும் சிதம்பரம்தான், இனிஷியல் மட்டும் வேறு. ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் செல்போன் எண்ணையே கொடுத்திருப்பார்கள். இரண்டு மூன்று வீடுகளை ஒருவரே பார்த்துக்கொண்டால் அந்த எண்ணையும் நம்பமுடியாது.

பேரனுக்கு பெனிசிலின் ஒவ்வாமை, தாத்தாவுக்கு இல்லை. இரண்டு ஃபைலையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. ஆகவே தேடும்போது முதலில் பிறந்த தேதி, பிறகு தந்தை அல்லது கணவர் பெயர் முழுமையாக, பிறகு ஆதார் அல்லது ஆபா எனும் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண். ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழுந்திருப்பதாகத் தோன்றினால், பெயரைத் தவிர வேறு மூன்று விவரங்களாவது ஒத்துப்போன பிறகே இணைக்கவேண்டும். பழைய எண்ணை வைத்துக்கொண்டு, புதிய எண் இருந்த இடத்தில் 'இந்த எண்ணைப் பார்க்கவும்' என்ற குறிப்பை விடுங்கள். அழிக்கவே கூடாது.

ஊர்ப் பெயரும் இப்படித்தான். நம் திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது; மென்பொருளின் பட்டியலில் முதலில் வருவது திருப்பத்தூர் மாவட்டமாக இருக்கலாம். திருமயம், பொன்னமராவதிக்காரர்கள் காரைக்குடிக்கு வந்து படுப்பார்கள். அவர்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். டெங்கு உறுதியான நோயாளியின் மாவட்டத்தைத் தவறாகப் போட்டால் தகவல் தவறான சுகாதார அலுவலகத்துக்குப் போகும், கொசு ஒழிப்பு ஆட்கள் நோய் வந்த தெருவுக்கு வரமாட்டார்கள்.

பிறப்பு, இறப்பு, எம்.எல்.சி.

எம்.எல்.சி. என்பது விபத்து, அடிதடி, விஷம் போலக் காவல்துறை சம்பந்தப்படும் கேஸ். டிரான்ஸ்கிரிப்ஷனில் இந்த மூன்றுக்கும் இணையான வேலையே கிடையாது. ஆகவே இங்கே கற்றுக்குட்டிதான் என்று ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதியவேண்டும். காரைக்குடியில் பிறந்த குழந்தையைக் காரைக்குடியில்தான் பதியமுடியும், அப்பா ஊரில் அல்ல. கர்ப்பத்தைப் பதியும்போது தாய்க்குக் கிடைத்த ஆர்.சி.எச். எண்ணை, அவரைப் பிரசவத்துக்குச் சேர்க்கும்போதே வாங்கிவிடுங்கள். குழந்தையின் பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். பெற்றோர் பெயரை 'ராம. அழ.' என்று இனிஷியலோடு விடாமல் ஆதாரில் உள்ளபடி விரித்து எழுதுங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் இந்தத் தவறு தெரியவரும். சிங்கப்பூர், மலேசியா போகும் குடும்பங்கள் நிறைந்த ஊரில் அதற்காக உங்களிடம் திரும்பி வருவார்கள்.

இறப்புக் காரணச் சான்றான படிவம் 4-இல் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று மட்டும் எழுதி வந்தால் அப்படியே ஏற்றிவிடாதீர்கள். இதயமும் மூச்சும் நிற்பது எல்லாச் சாவுக்கும் பொது, அது காரணம் ஆகாது. முதல் பகுதியின் மேல் வரியில் உடனடிக் காரணம், கீழே கீழே அதற்குக் காரணமானவை வரவேண்டும்: ரத்தத்தில் நச்சுத்தொற்று, அதற்குக் கீழே கால் அழுகல், அடி வரியில் சர்க்கரை நோய். டாக்டரிடம் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

எம்.எல்.சி. ஃபைல்களைத் தனி அலமாரியில் பூட்டி வையுங்கள். ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல், கேட்டு வருகிற காவலரிடம் எழுத்துமூலக் கோரிக்கை வாங்காமல் எதையும் கொடுக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். நடைமுறையில் இருப்பதால் ஆவணம் கேட்கும் ஆணை அதன் 94-ஆம் பிரிவைச் சுட்டும், பழைய சி.ஆர்.பி.சி. 91 அல்ல. அசலைக் கொடுக்கவேண்டி வந்தால் பக்கங்களுக்கு எண் போட்டு, முழு நகல் எடுத்து வைத்து, வாங்குகிறவரின் பெயர், பதவி, நிலையம், தேதியோடு ஒப்புகை பெறுங்கள். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிமுறை. அந்தக் கணக்கை எம்.எல்.சி.க்குப் போட்டுப் பழைய தாள் வியாபாரிக்குப் போட்டுவிடாதீர்கள். வழக்கு முடியும்வரை அது இருந்தே ஆகவேண்டும்.

அலமாரியும் கணக்கும்

ஃபைலை வரிசை எண்படி அடுக்காமல் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்து அடுக்கும் முறை பல இடங்களில் உண்டு. 482715 என்றால் முதலில் 15-ஆம் பகுதி, அதற்குள் 27, அதற்குள் 48. வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகச் சில நாள் ஆகும். எடுத்த ஃபைலின் இடத்தில், அது யாரிடம் போனது என்று குறித்த டிரேசர் அட்டை வைக்காமல் நகராதீர்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும், அலமாரியைச் சுவரோடு ஒட்டாதீர்கள். இந்தச் செம்மண் பூமியில் கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.

மாதக் கணக்கில் படுக்கை நிரப்பு விகிதம் கேட்பார்கள். 50 படுக்கை, 30 நாள், ஆக 1500 படுக்கை நாள். ஒவ்வொரு நள்ளிரவும் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 1080 வருகிறது என்றால் 72 சதவீதம். பிறந்த குழந்தையின் தொட்டிலைப் படுக்கையாக எண்ணுவதும், வார்டு மாறியதை டிஸ்சார்ஜாக எண்ணுவதும் வழக்கமாக நடக்கும் பிழைகள்.

தெரிந்தவர்கள்

டல்லாஸ் நோயாளியின் பெயர் உங்களுக்கு வெறும் பெயர். இங்கே வருவது அடுத்த தெரு ஆச்சி. "என்னம்மா, நம்ம மீனாட்சி ஆச்சிக்கு என்னவாம்? ரிப்போர்ட்டு உங்கிட்டதானே வரும்" என்று கோயிலில் வைத்துக் கேட்பார்கள். "அவங்க வீட்லயே கேட்டுக்கங்கண்ணே, நான் சொல்லக்கூடாது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். வீட்டில் அம்மாவே கேட்டாலும் அதே பதில்தான். இன்ஷூரன்ஸ் விசாரணைக்காரர் வந்தால் நோயாளியின் எழுத்துமூல ஒப்புதலையும் அடையாள அட்டையையும் பாருங்கள், ஃபைலைக் கையில் கொடுத்து நகராதீர்கள். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் நிலைமை வேறு: 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுத்தாக வேண்டும். அவர்களை நாளை வா, மறுநாள் வா என்று அலையவிடுவதும் தவறுதான்.

கடைசியாக, சேரும்போது கேட்கத் தவறுவது. டிரான்ஸ்கிரிப்ஷன் அனுபவம் என்றதும் டிஸ்சார்ஜ் சம்மரி அடிக்கும் மேசையில் உட்காரவைத்துவிடுவார்கள், அதிலேயே வருடங்கள் ஓடிவிடும். கோடிங், எம்.எல்.சி., பிறப்பு இறப்புப் பதிவு, ஃபைல் அறை ஒவ்வொன்றிலும் முதல் மூன்று மாதத்துக்குள் சில வாரமாவது உட்காரவைக்கவேண்டும் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். முடிந்தால் பணி ஆணையில் எழுதி வாங்குங்கள்.