‘மேஷ்’ முதல் சீசன் டிவிடியைச் சிங்கப்பூரில் வாங்கிப் பார்ப்பது எப்படி?

கொரியப் போரின்போது இயங்கும் அமெரிக்க இராணுவ அறுவை மருத்துவமனை ஒன்றைக் களமாகக் கொண்டு 1972இல் தொடங்கிய ‘மேஷ்’ நகைச்சுவைத் தொடரின் முதல் சீசனை வாங்குமுன், உறையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் மண்டல எண்ணைப் பாருங்கள்; உலகின் எந்தப் பகுதிக்குரிய பிளேயர்களில் அந்த வட்டு ஓடும் என்பதை அது குறிக்கும். சிங்கப்பூர் 3ஆம் மண்டலத்தைச் சேர்ந்தது. அமெரிக்கப் பதிப்போ 1ஆம் மண்டலத்துக்குரியது என்பதால், எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் வீட்டில் இருந்தால்தான் அது ஓடும்.

வட்டைப் போட்டவுடனே படத்தை ஓடவிடாமல், முதலில் ஒலித் தெரிவுக்குச் சென்று, சிரிப்பொலி இல்லாத ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடரை உருவாக்கியவர்கள் விரும்பாதபோதும் தொலைக்காட்சி நிறுவனம் வற்புறுத்திச் சேர்த்த அந்தச் செயற்கைச் சிரிப்பு நீங்கியதும், அறுவை அறையை விட்டு வெளியே வந்த மருத்துவர்கள் பேசும் கேலியின் அடியில் கிடக்கும் களைப்பும் துயரமும் தெளிவாகக் கேட்கும். இந்தப் பதிப்பை வாங்குவதற்கு, என்னைப் பொறுத்தவரை, அதுவே போதுமான காரணம். மொத்தம் 24 அத்தியாயங்கள். ஓர் இரவுக்கு இரண்டு போதும்.