ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் போதும்: ஆய்விதழ்களில் தேடுவது எப்படி?

புதிதாக ஆய்வுக்கு வருபவர்கள் பலரும் கூகுளில் ஒரு கேள்வியைத் தட்டி, வந்த பிடிஎஃப்களை எல்லாம் இறக்கிக் குவிப்பார்கள். நானும் அப்படித்தான் குவித்தேன். படித்தது மூன்றோ நான்கோ.

முதலில், உங்கள் துறை புழங்கும் சொல்லைக் கண்டுபிடியுங்கள். 'கான்கிரீட்டில் ஏன் விரிசல் விடுகிறது' என்று தேடுவதைவிட 'ட்ரையிங் ஷ்ரிங்கேஜ்' (உலரும்போது சுருங்குவது) என்று ஆங்கிலத்தில் தேடினால் சரியான இடத்துக்குப் போவீர்கள். அந்தச் சொல் தெரியவில்லையா? பாடப்புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் புரட்டுங்கள்.

அடுத்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவதற்கென்றே இருக்கும் கூகுள் ஸ்காலர். அந்தச் சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே 'ரிவ்யூ' என்று சேர்த்துத் தேடுங்கள். ஒரு துறையில் அதுவரை நடந்ததைத் தொகுத்துச் சொல்பவை ரிவ்யூ கட்டுரைகள். அண்மையில் வந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் உண்மையான தேடல். அதன் மேற்கோள் பட்டியலைப் பார்த்தால் பழைய வேர்கள் தெரியும். ஸ்காலரில் அதன் கீழே உள்ள 'சைட்டட் பை' இணைப்பை அழுத்தினால், அதை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்தவை வரிசையாக வரும். அந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடவும் ஒரு பெட்டி உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. இப்படி முன்னும் பின்னுமாக நடந்தால், திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சில கட்டுரைகள் இருக்கும். முதலில் படிக்க வேண்டியவை அவைதான்.

சரி, கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறதா? உடனே அட்டையை எடுக்காதீர்கள். ஸ்காலரில் 'ஆல் வெர்ஷன்ஸ்' அழுத்திப் பாருங்கள். ஆசிரியரே தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் ஒரு பிரதி வைத்திருக்கலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சி, சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதியைத் தேடித் தரும். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால் 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியம். மருத்துவம், உயிரியல் என்றால் அதேபோல் பப்மெட் சென்ட்ரல். மின்னியல்காரர்களுக்கு ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர்: முழுக் கட்டுரைக்குப் பெரும்பாலும் சந்தா வேண்டும், சுருக்கத்தை இலவசமாகப் படிக்கலாம். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களை மட்டும் பார்க்க டிஓஏஜே என்ற பட்டியல் தளம்.

ஆர்க்கைவில் இருப்பவை பெரும்பாலும் முன்பதிப்புகள், அதாவது இதழில் வருமுன்பே ஆசிரியர்கள் போடும் பிரதிகள். சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டைத் தாண்டாதவையும் அங்கே இருக்கும். மேற்கோள் காட்டுமுன் அது இதழில் வெளியாகிவிட்டதா என்று பாருங்கள்.

எதிலும் கிடைக்கவில்லையா? கட்டுரையின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். இரண்டே வரியில் மரியாதையாகக் கேளுங்கள். தன் கட்டுரையை ஒருவர் தேடி வந்து படிக்கிறார் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?